பத்து அடியில் கூடிய அவை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம் கண்ணயர்ந்த காலத்தில், ஒரு நாட்டைக் குணவீரர் என்ற மகாராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர். கொடை உண்டு, இரக்கம் உண்டு, அதற்கேற்ற மீசையும் உண்டு. ஆனால் அவருடைய மத்தியானத் தூக்கத்தை மட்டும் யாரும் கெடுத்துவிடக் கூடாது. கெடுத்தால் அன்று மாலைக்குள் நாட்டில் ஏதாவது ஒரு புதுச் சட்டம் வந்துவிடும்.

அப்படி ஒரு நாள் கெட்டது. மதகுத் தண்ணீர் யாருக்கு முதலில் என்று இரண்டு ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டு அரண்மனை வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் மகாராஜா தலைப்பாகைகூட இல்லாமல் எழுந்து வந்தார்.

"அந்த ஏரியை நான் கண்ணால் கண்டதில்லை. தண்ணீர் யாருக்கு என்று நான் எப்படிச் சொல்வேன்?" என்று கத்தினார். "இனி இந்தத் தலைவலி எனக்கு வேண்டாம். நாற்பது ஊரும் ஊருக்கு ஒருவரைத் தேர்ந்து அனுப்பட்டும். அவர்கள் ஓர் அவையாகக் கூடி ஏரி, குளம், மேய்ச்சல் எல்லாவற்றையும் தீர்மானிக்கட்டும். அவர்கள் சொல்வதுதான் முடிவு. என்னை எழுப்பாதிருந்தால் போதும்!"

அவைக்கு விதிகள் எழுதும் வேலையை முதலமைச்சர் அனந்தராயரிடம் ஒப்படைத்துவிட்டு, விட்ட தூக்கத்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

அனந்தராயர் இருக்கிறாரே, கெட்டிக்காரர். அவருடைய மைத்துனனுக்குப் பெரியேரியின் மேல் நெடுநாளாக ஒரு கண். ஏரியை வடியவிட்டு, அந்த வண்டலில் நெல் போட்டால் மூன்று தலைமுறைக்கு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஏரி வடிந்தால் அதன் கீழே இருக்கிற கீழ்க்கரை என்ற ஊர் காய்ந்து கருவாடாகிவிடும். அதைப்பற்றி மைத்துனனுக்கு என்ன கவலை? அனந்தராயருக்கும் கவலையில்லை. இந்த அவை கூடினால்தான் கவலை. ஆகவே அவை கூடவே கூடாதபடி விதி எழுத உட்கார்ந்தார்.

அரசவையில் ஒரு விகடகவி இருந்தான். பெயர் தாண்டவன். மகாராஜா சாப்பிடும்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுவான், முதலமைச்சர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒன்பது வருடமாக இப்படி நின்றதில் அனந்தராயருக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. என்றைக்காவது இந்தப் பயலை உரித்துத் தொங்கவிட வேண்டும் என்று காத்திருந்தார்.

இந்தத் தாண்டவன் சாட்சாத் அந்தக் கீழ்க்கரைக்காரன்தான். தங்கையைக் கொடுத்திருப்பதும் அந்த ஊரிலேயேதான். ஊர்க்காரர்கள் ஓலைச் சீட்டில் பெயர்களை எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, பூசாரி கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்தபோது, வந்தது தாண்டவனுடைய பெயர். இந்தப் பயலும் தன் வலையில் விழுந்தான் என்று அனந்தராயர் செய்தி கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

விதிகளைச் செப்பேட்டில் வெட்டிக் கொண்டுவந்து அரசவையில் படித்தார்கள். அவையில் சேர்ந்தவர் ஒவ்வொருவரும் சத்தியம் செய்ய வேண்டும். அதுவரை அவர் உறுப்பினர் அல்லர். ஆகா, சரிதானே! அந்தச் சத்தியத்தைச் செய்துவைக்க வேண்டியவர் அவைத்தலைவர். அதுவும் சரிதான்! அவைத்தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள் ஒருவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேஷ்! கூடியிருக்கும் அவையில் சத்தியம் செய்யாத ஒருவன் ஆசனத்தில் உட்கார்ந்தால், தலைவர் முன்னிலையில் அவனுக்குப் புளியம் விளாறால் பத்து அடி. கண்டிப்பு வேண்டாமா, வேண்டியதுதான்! நாற்பத்தைந்தாம் நாள் சூரியன் மறைவதற்குள் ஒரு தடவையாவது அவை கூடாவிட்டால் தேர்வு செல்லாது, ஊர்க்காரியமெல்லாம் முதலமைச்சரைச் சேரும்.

தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றும் தங்கம். மகாராஜா தலையை ஆட்டி முத்திரையைக் குத்திவிட்டார். அந்த நாட்டில் முத்திரை விழுந்தால் விழுந்ததுதான். செப்பேடானாலும் சரி, ஓலையானாலும் சரி, பிறகு அதை இல்லையென்று சொல்ல ராஜாவுக்கே உரிமை கிடையாது.

மறுநாள் காலை நாற்பது பேரும் குளித்து முழுகி, திருநீறும் நாமமும் துலங்க அவை மண்டபத்துக்கு வந்தார்கள். வாசல் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"யார் நீங்க?"

"அவை உறுப்பினருங்க."

"சத்தியம் பண்ணியாச்சா?"

"உள்ளே போனாத்தானேப்பா பண்ண முடியும்!"

"சத்தியம் பண்ணாதவங்க உறுப்பினர் இல்லே. உறுப்பினர் இல்லாதவங்களை உள்ளே விடக் கூடாதுன்னு உத்தரவு. நகருங்க."

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சத்தியம் செய்துவைக்கத் தலைவர் வேண்டும். தலைவரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர் வேண்டும். உறுப்பினராக வேண்டுமானால் சத்தியம் வேண்டும். சுற்றிச் சுற்றி வந்தாலும் செக்குமாடு மாதிரி புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்க வேண்டியிருந்தது.

சரி, ஊருக்காவது போகலாம் என்று மூட்டையைக் கட்டினால், கோட்டைக் காவலன் மறித்தான். "அவைக்குத் தேர்வானவங்க அவை முடியிறவரைக்கும் தலைநகரை விட்டுப் போகக் கூடாது." மண்டபத்துக்குள் போக அவர்கள் உறுப்பினர் இல்லை. ஊருக்குப் போக அவர்கள் உறுப்பினர்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

கோட்டைக்குள் இருந்த மாந்தோப்பில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். நாள் ஓடியது. பத்து, இருபது, முப்பது. தாண்டவன் மகாராஜாவிடம் போய் முறையிட்டான்.

"அடப் பாவமே!" என்றார் மகாராஜா. விஷயம் புரிந்ததும் அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "கவனிக்காமல் முத்திரை போட்டுவிட்டேனே தாண்டவா. ஆனால் விழுந்த முத்திரையை நான் எப்படி எடுப்பேன்? முத்திரையின்மேல் நம்பிக்கை போனால் நாடே போயிற்று."

"எடுக்க வேண்டாம் மகாராஜா. அடியேன் பார்த்துக்கொள்கிறேன்" என்றான் தாண்டவன். பார்த்துக்கொள்ள என்ன வழி என்று அவனுக்கே அப்போது தெரியாது.

தோப்பில் உப்பளத்து ஊரிலிருந்து வந்த குருவம்மாள் கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும், உப்பு சுமந்து உரமேறிய தோள்.

"பாதிப் பேரு மதில் ஏறிக் குதிச்சு ஓடிரலாமான்னு பேசிக்கிறாங்க தம்பி" என்றாள். "நான் சொல்லிட்டேன், வந்த காரியம் முடியாம இந்தக் குருவம்மா நகரமாட்டான்னு. நீ என்ன சொல்றே?"

"நான் எங்கேக்கா போறது? ஏரி போச்சுன்னா எனக்கு ஊரே இல்லே. என் தங்கச்சி புள்ளைங்க குடிக்கத் தண்ணிக்கு எங்கே போகும்?" கூழை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான். அந்தச் செப்பேட்டை அவன் மனப்பாடமாக நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டான். ஒவ்வொரு விதியும் கதவை வெளியே தாழ் போட்டது. ஒன்றே ஒன்றில் மட்டும் அவன் மனம் திரும்பத் திரும்பப் போய் நின்றது. அது அடி உதை பற்றிய விதி.

நாற்பத்து நான்காம் நாள் காலையில் அவன் எழுந்து, வேட்டியை நனைத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு படி பொரியைக் கட்டிக்கொண்டான்.

"அக்கா, எல்லாரையும் கூட்டிட்டு மண்டப வாசல்ல வந்து நில்லுங்க. உள்ளே கூப்பிட்டா வாங்க. ஆனா யாரும் உட்காரக் கூடாது. என்ன நடந்தாலும் குறுக்கே விழக் கூடாது."

"என்னப்பா செய்யப்போறே?"

"அடி வாங்கப்போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

உறுப்பினனாகப் போனால்தான் தடை; அரண்மனை விகடகவிக்கு எந்த வாசலிலும் தடையில்லை. பின்கட்டு வழியாக மண்டபத்துக்குள் போனான். நாற்பது ஆசனங்களும் தூசி படிந்து கிடந்தன. முதல் வரிசையில் ஒரு ஆசனத்தைத் தட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஈர வேட்டியை அவைத்தலைவரின் சிங்கமுக ஆசனத்தின்மேல் விரித்துக் காயப்போட்டான். பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கரகரப்பான குரலில் பாட ஆரம்பித்தான்.

செய்தி பறந்தது. அனந்தராயர் எழுத்தர் சிங்கபிரானையும் நாலு காவலர்களையும் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். வாசலில் முப்பத்தொன்பது பேர் கூடி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடே! சத்தியம் செய்யாதவன் ஆசனத்தில் உட்காரலாமா? பத்து அடி! புளியம் விளாறு கொண்டுவாருங்கள்!"

தாண்டவன் அவசரமே படவில்லை. "பிரபு, செப்பேட்டை எழுதியவரே மறந்துவிட்டீர்களே. கூடியிருக்கும் அவையில் உட்கார்ந்தால் அல்லவா அடி? இது காலி மண்டபம். தலைவர் முன்னிலையில் அல்லவா அடிக்க வேண்டும்? தலைவர் ஆசனத்தில் என் வேட்டி இருக்கிறது. வேட்டி முன்னிலையில் அடிப்பீர்களா?"

வாசலில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். அனந்தராயரின் காது சிவந்தது.

"இவனை இழுத்துப்போட்டு அடியுங்கள்!"

"தாராளமாக" என்றான் தாண்டவன். "நாளைக்கு மகாராஜா சாப்பாட்டின்போது, 'ஏன் தாண்டவா நொண்டுகிறாய்?' என்று கேட்பார். 'எந்தச் சட்டமும் இல்லாமல் முதலமைச்சர் அடித்தார்' என்பேன். பிறகு உங்கள் பாடு."

அது உண்மை. சட்டம் இல்லாமல் மகாராஜாவின் செல்லப்பிள்ளைமேல் கை வைத்தால் பதவி தப்பாது. அனந்தராயர் பல்லைக் கடித்தார். ஒன்பது வருடம் காத்திருந்த வேளை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போவதா? தாண்டவனோ பொரியை நீட்டி, "கொஞ்சம் சாப்பிடுகிறீர்களா? நின்று நின்று களைத்திருப்பீர்கள். ஒன்பது வருடமாக நிற்கிறீர்களே" என்றான்.

அவ்வளவுதான். அனந்தராயர் அந்த வேட்டியைப் பிடித்து இழுத்து எறிந்துவிட்டு, சிங்கமுக ஆசனத்தில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எழுதும் ஓய் சிங்கபிரானே! இன்று அவை கூடியிருக்கிறது. தலைவர் இடத்தில் நான் இருக்கிறேன்!"

சிங்கபிரான் எழுத்தாணியை எடுத்துவிட்டுத் தயங்கினார். "கூடியதென்று எழுத ஆட்கள் வேண்டுமே, பிரபு?"

"இதோ வாசலில் நிற்கிறதே ஒரு மந்தை! உள்ளே வரச் சொல்லும். நிற்கட்டும்!"

முப்பத்தொன்பது பேரும் உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள். குருவம்மாள் தாண்டவனைப் பார்த்தாள். அவன் கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"எழுதியதைப் படியும்."

"நாற்பத்து நான்காம் நாள் காலை, நாற்பது ஊராரும் வந்திருக்க அவை கூடிற்று. முதலமைச்சர் அனந்தராயர் தலைவர் ஆசனத்தில் அமர்ந்தார். கீழ்க்கரையார் தேர்ந்தனுப்பிய தாண்டவன் சத்தியம் செய்யாமல் உட்கார்ந்த குற்றத்துக்குப் பத்து அடி."

"முத்திரை போடும்!"

அவைக்கென்று எழுத்தரிடம் கொடுத்திருந்த அரச முத்திரை ஓலையில் விழுந்தது. தாண்டவன் எழுந்து, தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நானே எண்ணுகிறேன் பிரபு, தவறிவிடப் போகிறது" என்றான்.

புளியம் விளாறு லேசுப்பட்டதல்ல. முதல் அடி தொடைக்கும் மேலே விழுந்தது. "ஒன்று" என்றான் தெளிவாக. இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஐந்தில் உதட்டைக் கடித்தான். ஏழில் குரல் எழும்பவில்லை. காதில் அனந்தராயர் சிரிப்பதுதான் கேட்டது. விட்டுவிடலாமா, மகாராஜா பெயரைச் சொல்லிக் கத்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பத்து அடியும் விழுந்தால்தான் ஓலையில் எழுதியது முழுசாகும். தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"எட்டு" என்று ஒரு குரல் கேட்டது. குருவம்மாள். கண்ணீர் வழிய வழியச் சொன்னாள். அடுத்ததை முப்பத்தொன்பது பேரும் சேர்ந்து சொன்னார்கள். பத்தாவதைச் சொன்னபோது மண்டபமே அதிர்ந்தது.

மறுநாள் நாற்பத்தைந்தாம் நாள். அனந்தராயர் பட்டுப் பீதாம்பரம் கட்டிக்கொண்டு, அவையின் தேர்வு செல்லாது என்று எழுதிய ஓலையோடு அரசவைக்கு வந்தார். மகாராஜாவின் முத்திரை ஒன்றுதான் பாக்கி. மகாராஜா மனமில்லாமல் முத்திரையைக் கையில் எடுத்தார். அந்த நேரத்தில் தாண்டவன் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தான். பின்னால் முப்பத்தொன்பது பேர்.

"என்னடா இது நடை?" என்றார் மகாராஜா. "உட்கார், உட்கார்."

"உட்காரும் நிலையில் இல்லை மகாராஜா. முதலமைச்சரின் நீதியைப் புகழ்ந்துவிட்டுப் போகலாமென்று வந்தேன். சிங்கபிரானே, நேற்றைய ஓலையைப் படியுங்கள்."

சிங்கபிரான் படித்தார். 'அவை கூடிற்று' என்ற இடம் வந்ததும் மகாராஜாவின் கை முத்திரையோடு அந்தரத்தில் நின்றது.

"அமைச்சரே! அவை நேற்றே கூடிவிட்டதா?"

அனந்தராயர் இரண்டடி முன்னால் வந்தார். "அரசே, அது... தண்டனைக்காக மட்டும்..."

"தண்டனைக்கு மட்டும் கூடும் அவை என்று செப்பேட்டில் உண்டா பிரபு?" என்று தாண்டவன் பணிவாகக் கேட்டான்.

"அவையே கூடவில்லை, அரசே! நான் உறுப்பினன் அல்லன். ஆகவே நான் தலைவனும் அல்லன். நேற்று நடந்தது எதுவும் செல்லாது!"

"நல்லது. அப்படியானால் எந்தச் சட்டப்படி பிரபு என்னை அடித்தீர்கள்?"

அனந்தராயர் சிங்கபிரானின் கையிலிருந்த ஓலையை எட்டிப் பார்த்தார்.

தாண்டவன் விடவில்லை. "மகாராஜா, அவை கூடியது உண்மையென்றால் கெடு தப்பிற்று. தலைவர் ஆசனத்தில் அமைச்சர் இருந்ததும் உண்மை. சத்தியம் செய்துவைக்க வேண்டியவர் தலைவர்தானே, செய்துவைக்கட்டும். கூடவில்லை என்றால், முத்திரை விழுந்த ஓலையைப் பொய் என்கிறார் அமைச்சர். போதாக்குறைக்கு அரண்மனைச் சேவகனைச் சட்டமில்லாமல் அடித்திருக்கிறார். இன்னொன்றும் அடியேன் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நேற்று அந்த மண்டபத்தில் சத்தியம் செய்யாமல் உட்கார்ந்தது நான் ஒருவன் மட்டும் அல்லவே!"

மகாராஜாவின் மீசை துடித்தது. முதலில் கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, சிங்காசனமே குலுங்கியது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அனந்தராயரே, யோசித்துச் சொல்லும். சத்தியம் செய்துவைக்கிறீரா, புளியம் விளாறு வரச் சொல்லட்டுமா?"

"செய்துவைக்கிறேன் அரசே!" என்ற பதில் உடனே வந்தது.

அன்றே அவை மண்டபத்தில் நாற்பது பேருக்கும் ஒவ்வொருவராக, தன் வாயாலேயே, சத்தியம் செய்துவைத்தார் அனந்தராயர். முடிப்பதற்குள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. சத்தியம் முடிந்த கையோடு உறுப்பினர்கள் தங்களுக்கென்று ஒரு தலைவரைத் தேர்ந்தார்கள். குருவம்மாள் சிங்கமுக ஆசனத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"முதல் காரியம் பெரியேரி" என்றாள். "ஏரி ஏரியாவே இருக்கணும்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க."

நாற்பது கையும் எழுந்தன. அவற்றில் ஒரு கை மட்டும் மற்றவற்றைவிட உயரத்தில் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, தாண்டவன் மட்டும் தன் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். தூக்கிய கையை இறக்க மறந்துபோய், மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சின்னப் பிள்ளைபோல அழுதான்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த மகாராஜா முதலமைச்சர் பக்கம் திரும்பி, "அவை கலையும்வரை நீர் வாசலில் நின்று இவர்களை உள்ளே விடும் வேலையைப் பாரும். நிற்பது உமக்குப் பழக்கம்தானே" என்றார். பிறகு தாண்டவனைக் கூப்பிட்டார்.

"ஒரு அவைக்கே உயிர் கொடுத்திருக்கிறாய். என்ன வேண்டுமோ கேள். ஊர் வேண்டுமா, யானை வேண்டுமா?"

"ஊர்தான் கிடைத்துவிட்டதே மகாராஜா. யானைமேலும் உட்காரத்தானே வேண்டும்!"

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தம் சிங்காசனத்தின் மேலிருந்த இலவம்பஞ்சுப் பட்டு மெத்தையை வரவழைத்து, தாமே தாண்டவனுடைய ஆசனத்தில் போட்டு, "இது உனக்கு. யார் சொன்னாலும் இதிலிருந்து நீ எழுந்திருக்க வேண்டாம். உட்கார்" என்றார்.

தாண்டவன் மெத்தையைத் தொட்டு ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

"உட்காருகிறேன் மகாராஜா. ஒரு பத்து நாள் மட்டும் தவணை கொடுங்கள்" என்றான்.